இரண்டு வெளுப்பு

இட்லிக்கு ஊற வைத்த அரிசி குறைவதை முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார். எப்போதும் போடுகிற அளவுதான் போடுவார், மாவு மட்டும் வழக்கமான குண்டானை நிறைக்காது. எலி இல்லாத வீடு. நான்தான் தின்றுகொண்டிருந்தேன். தையல் மெஷினிலிருந்து எழுந்து அடுப்படிப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளி நறநறவென்று மெல்லுவேன். ஊறாத பச்சரிசி என்றால் இன்னும் ருசி. பிளவுஸ் துணியில் குறி போடுகிற சாக்பீஸை மோந்து மோந்து பார்த்து, ஒரு நாள் அதன் ஓரத்தைக் கடித்தும் விட்டேன். நாற்பது வயதில், கடையில் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவள் சாக்பீஸ் தின்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்பாக. உனக்குத்தான் கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷம் ஆச்சே" என்று அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். உடம்பில் இரும்பு தீர்ந்துபோனால் இப்படி அரிசி, சாக்பீஸ், ஐஸ்கட்டி, விபூதி, செங்கல் தூள் மேல் எல்லாம் வெறி வரும் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. என் கவலையெல்லாம் தோலில் இருந்த வெண்புள்ளி மேல்தான்.

அது 2013-இல் நெற்றியில் தொடங்கியது. ஸ்டிக்கர் பொட்டை எடுத்தால் அதே அளவில் வட்டமாக ஒரு வெள்ளை. மறைக்க அதைவிடப் பெரிய பொட்டு வாங்கினேன், வெள்ளையும் பெரிதானது. மலிவான பொட்டுப் பசையில் கலக்கிற ஒரு ரசாயனம் தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களைக் கொல்லக்கூடியது என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். பொட்டோடு நின்றிருந்தால் பசையின் கோளாறு என்று விட்டிருக்கலாம். பாவாடை நாடா இறுக்குகிற இடுப்பு, செருப்பு வார் உரசுகிற பாதம், கத்தரிக்கோல் வளையம் அழுத்துகிற கட்டைவிரல் என்று உராய்வு படுகிற இடமாகப் பார்த்து வந்தது. வெண்புள்ளியின் குணமே அது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, மெலனின் செய்கிற செல்களை வேற்றாள் என்று எண்ணி அழிக்கிறது. சிராய்ப்பும் உராய்வும் அதைக் கிளறிவிடுகின்றன. தொற்றாது. தொழுநோய்க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நூறு பேரில் ஒருவருக்கு, கூடக் குறைய, இருக்கிறது.

தையற்காரிக்கு விரலில் வருவது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அளவெடுக்க டேப்பை நீட்டும்போது வாடிக்கையாளரின் கண் டேப்பில் இருக்காது. "அக்கா, அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கேன், அதைப் பாத்தே தைச்சிருங்க" என்பார்கள். எதற்கு என்று எனக்குப் புரியும், எனக்குப் புரிந்தது அவர்களுக்கும் புரியும்.

முதலில் போனது நாட்டு மருந்துக்கு. கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் உட்காரச் சொன்னார்கள். அந்த விதையில் வேலை செய்கிற பொருள் இருப்பது உண்மைதான். அதிலுள்ள சோரலென் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும், ஆங்கில மருத்துவத்திலும் ஒளி சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் உட்காருவது என்பதில்தான் சூட்சுமம். அருப்புக்கோட்டைச் சித்திரை வெயிலில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். புறங்கை எண்ணெய் தெறித்தது போலக் கொப்புளித்தது. ஆறிய தழும்பைச் சுற்றிப் புதிதாக வெள்ளை படர்ந்தது.

பூச்சை அன்றோடு நிறுத்தினேன். கூடவே கொடுத்த பத்தியத்தை மட்டும் நிறுத்தவில்லை.

மீன் கூடாது, கருவாடு கூடாது, முட்டையும் கறியும் கூடாது. புளி கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி, கொய்யா, ஆரஞ்சு எதுவும் ஆகாது. கத்திரிக்காய் ஆகாது. பாலும் மீனும் சேர்ந்து வயிற்றில் போனதால்தான் வெள்ளையே வந்தது என்று அத்தையின் கட்சி. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அதே கட்சி. என்ன மிச்சம்? சோறு, பாசிப்பருப்பு, புடலங்காய், சுரைக்காய், பால், அப்புறம் டீ. ஆர்டர் நெருக்கும் ஆடி, ஐப்பசியில் ஒரு நாளைக்கு ஆறு டீ ஓடும். பசியும் அடங்கும், தூக்கமும் போகும். இப்படி ஒன்பது வருடம்.

இன்று யோசித்தால் பத்தியம் எதையெல்லாம் பிடுங்கியது என்று தெளிவாகத் தெரிகிறது. உடம்பு எளிதாக உறிஞ்சுகிற இரும்பு கறியிலும் ஈரலிலும் மீனிலும் இருக்கிறது, அது போயிற்று. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பு கொஞ்சம் அடம் பிடிக்கும், அதை உள்ளே இழுக்க எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி வேண்டும், அதுவும் போயிற்று. மிச்சம் மீதியை டீயின் துவர்ப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பை விரட்டுவதற்கென்றே உட்கார்ந்து போட்ட பட்டியல் போல இருந்தது அது.

2023 தொடக்கத்தில் முகம் வெளுக்க ஆரம்பித்தது. புள்ளியாக இல்லாமல் மொத்தமாக. உள்ளங்கை, உதடு, காது மடல் எல்லாம் சுண்ணாம்பு பூசியது போல. "பரவுது" என்றார் அத்தை. "பரவுதுக்கா" என்றாள் கடையில் வேலை செய்கிற பெண். நானும் கண்ணாடி பார்த்து அப்படியே நம்பினேன். நம்பியதால் பத்தியத்தை இன்னும் இறுக்கினேன், மோரையும் விட்டேன்.

நகம் நடுவில் குழிந்து கரண்டி போல ஆனது. பெடல் மிதித்தால் மூச்சு வாங்கியது, மோட்டார் வாங்கி மாட்டினேன். சீப்பு முழுக்க முடி. மாதவிலக்கு எட்டு நாள், ஒன்பது நாள் என்று நீண்டது. வயது அப்படி என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் தனித்தனியாக ஒரு காரணம் தயாராக இருந்தது பாருங்கள், அதுதான் கூத்து.

மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனது புள்ளிக்காகத்தான். சின்ன வயதுப் பெண். என் கையைப் பார்த்தார், நீல விளக்கு அடித்துப் பார்த்தார். விரலை நீட்டச் சொன்னவர் நகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"இது தோல் வெளுப்பு இல்லம்மா. ரத்தம் இல்லாத வெளுப்பு."

வெண்புள்ளி உள்ளவர்கள் வீட்டில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது இது. உதட்டிலும் உள்ளங்கையிலும் புள்ளி இருந்தால் அங்கே பார்த்து இரத்தசோகையைக் கண்டுபிடிக்க முடியாது. கீழ் இமையின் உட்பக்கமும் நாக்கும் பார்க்க வேண்டும். வெண்புள்ளிக்குத் தெளிவான கரை உண்டு, வரைபடத்தில் தீவு மாதிரி. சோகை வெளுப்புக்குக் கரை கிடையாது.

ஹீமோகுளோபின் 7.2 என்று வந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 4. 15-க்குக் கீழே போனாலே கிடங்கு காலி என்று அர்த்தம். கூடவே தைராய்டும் பார்க்கச் சொல்லியிருந்தார். டி.எஸ்.எச். 18, அதாவது தைராய்டு மந்தம். "வெண்புள்ளி இருக்கிறவங்களுக்கு தைராய்டு பார்க்காம விடக்கூடாதும்மா" என்றார். தோலில் நிறச் செல்களைத் தாக்குகிற அதே பழக்கம் தைராய்டு சுரப்பியையும் தாக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அடிக்கடி நடப்பது. தைராய்டு மந்தமானால் மாதவிலக்கில் போக்கு கூடும், போக்கு கூடினால் இரும்பு போகும். என் எட்டு நாளுக்கும் ஒன்பது நாளுக்கும் கணக்கு கிடைத்தது.

இரும்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை இரண்டும் தந்தார்கள். என்னிடம் ஏற்கெனவே முழங்கால் வலிக்கு ஒருவர் கொடுத்த கால்சியமும், நெஞ்செரிச்சலுக்கு இன்னொருவர் கொடுத்த கேஸ் மாத்திரையும் இருந்தன. மாத்திரை விழுங்குவதை ஒரு வேலையாக முடித்துவிட வேண்டும் என்பது என் குணம். காலை ஆறு மணிக்கு நாலையும் உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கு, டீயோடு. மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை. மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 7.6. தைராய்டு அளவிலும் பெரிய மாற்றம் இல்லை.

"எப்படிச் சாப்பிடுறீங்க?" என்று அப்போதுதான் கேள்வி வந்தது. சொன்னேன். மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். கால்சியம் இரும்பையும் தடுக்கும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், அமிலம் இல்லாமல் இரும்பு சரியாகக் கரையாது. எல்லாவற்றுக்கும் மேல் டீ. அன்றிலிருந்து என் அட்டவணை மாறியது. காலை எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீர். அரை மணி, முக்கால் மணி கழித்துப் பலகாரம். பதினோரு மணிக்கு மேல், வயிறு கொஞ்சம் காலியாக இருக்கும்போது, இரும்பு மாத்திரை, எலுமிச்சை பிழிந்த தண்ணீரில். தைராய்டுக்கும் இரும்புக்கும் நடுவே நாலு மணி நேர இடைவெளி கட்டாயம். கால்சியம் இரவு. டீ, இரும்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி. கேஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு நிறுத்தினேன். தினம் ஒன்று என்றிருந்த இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று என்று மாற்றினார்கள். குறைத்தால் எப்படி ஏறும் என்று எனக்குச் சந்தேகம். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து குடலின் கதவைச் சுமார் ஒரு நாள் சாத்திவிடுமாம். சாத்திய கதவில் அடுத்த மாத்திரையைப் போட்டால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதையும் யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், நான் ஒரு வாரம் பயந்திருக்க மாட்டேன்.

தைராய்டு இறங்கியது. மாதவிலக்கு ஐந்து நாளுக்கு வந்தது. ஹீமோகுளோபின் மட்டும் 8.4-இல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். "எனக்கு எப்பவுமே எட்டுதான்" என்று பெருமை போலச் சொல்கிற பெண்கள் என் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இத்தனை பேருக்கு இருக்கிற ஒன்று வெண்புள்ளி உள்ள பெண்ணுக்கும் இருந்தால், அது வெண்புள்ளியால் வந்தது என்று உடனே முடிச்சுப் போட முடியாது. பெரும்பாலும் சாப்பாடும் மாதவிலக்கும்தான் காரணமாக இருக்கும். ஆனால் மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் அது வேறு கதை.

என் ரிப்போர்ட்டில் ஒரு விநோதம் இருந்தது. இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். எனக்கோ எம்.சி.வி., அதாவது அணுக்களின் சராசரி அளவு, 84. சரியாகவே இருந்தது. வேறொரு பொது மருத்துவர் அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு எண்ணைக் காட்டினார். ஆர்.டி.டபிள்யூ., அணுக்களுக்குள் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று சொல்வது. 22 இருந்தது, 15-க்குள் இருக்க வேண்டியது. எனக்கு உடனே புரிந்தது, தையற்காரி அல்லவா. ஒருத்திக்கு 28 அளவு, இன்னொருத்திக்கு 44 அளவு; சராசரி 36 என்று இரண்டு ஜாக்கெட் தைத்தால் கணக்கு சரியாக இருக்கும், இரண்டு பேருக்கும் சேராது. இரும்புக் குறைவு அணுவைச் சிறுக்க வைக்கும், வைட்டமின் பி12 குறைவு அணுவைப் பெருக்க வைக்கும். இரண்டும் சேர்ந்து இருந்ததால் சராசரி அழகாக வந்துவிட்டது. பி12 பார்த்தார்கள், அடிமட்டத்தில் இருந்தது.

இரண்டும் ஒன்றாகக் குறைகிறது என்றால் சந்தேகம் இரைப்பை மேல். எண்டோஸ்கோபியில் ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். கூடவே உடம்பு தன்னையே தாக்குகிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி சோதனையும். இரைப்பையில் அமிலம் சுரக்கிற செல்களையும் என் உடம்பே அழித்துக்கொண்டிருந்தது. தோல், தைராய்டு, அடுத்து இரைப்பை. அமிலம் போனதால் இரும்பு கரையவில்லை. அதே செல்கள்தான் பி12-ஐ உறிஞ்ச உதவும் ஒரு புரதத்தையும் சுரக்கின்றன, அதனால் பி12-ம் போனது. மாதவிலக்கு வருகிற பெண்களிடம் இந்த நோய் முதலில் இரும்புக் குறைவாகத்தான் தலைகாட்டும், பி12 குறைவு வெளியே தெரியப் பல வருடம் ஆகலாம் என்றார் மருத்துவர். எனக்கு நெஞ்செரிச்சல் என்று கொடுத்த மாத்திரை, இல்லாத அமிலத்தைத் தேடி அலைந்திருக்கிறது.

வெண்புள்ளி உள்ள எல்லோரும் போய்க் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை ரத்த எண்ணிக்கையும் டி.எஸ்.எச்.-சும், சோர்வு இருந்தால் ஃபெரிட்டினும் பி12-ம் கேளுங்கள். ஃபெரிட்டினைக் காய்ச்சலோடு போய்ப் பார்க்காதீர்கள், காய்ச்சலில் அது பொய்யாக ஏறி நிற்கும். ஆண்களுக்கோ மாதவிலக்கு நின்றவர்களுக்கோ இரும்பு குறைந்தால் மூலமோ, புண்ணோ, கட்டியோ எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் வெறும் மாத்திரையோடு வரக் கூடாது. இன்னொரு விஷயம். இரத்தசோகை இருந்த சமயம் ஒரு முகாமில் என் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 என்று சொல்லி வீட்டையே கலக்கிவிட்டார்கள். இரும்புக் குறைவில் அந்தச் சோதனை கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தம் ஏறிய பிறகு 5.5.

நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து தடவை. சலைன் பாட்டிலில் கலந்ததும் அது கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வந்தது. டீயை நிறுத்தச் சொன்னவர்கள் பாட்டில் நிறையக் காப்பியை நரம்பில் விடுகிறார்களே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "கையை அசைக்காதீங்க, ஊசி விலகி மருந்து வெளிய போச்சுன்னா தோல்ல பழுப்பா கறை விழுந்துரும், லேசுல போகாது" என்றார் நர்ஸ். என் கை முழுக்க வெள்ளைத் திட்டு. "விழட்டுமே சிஸ்டர், எனக்கு லாபம்தானே" என்றேன். அந்த அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். என் கையை வைத்து நானே சிரித்தது பத்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இரண்டாவது பாட்டில் ஏறிய வாரமே அரிசி ஆசை விட்டுப்போனது. டப்பாவைத் திறந்து ஒரு பிடி வாயில் போட்டேன், வெறும் அரிசியாக இருந்தது, துப்பிவிட்டேன். இரண்டரை மாதத்தில் ஹீமோகுளோபின் 11.9. பி12 ஊசி இப்போது மாதம் ஒன்று, ஆயுளுக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இரைப்பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லோரும் கேட்கிற கேள்வி, ரத்தம் ஏறியதும் புள்ளி மறைந்ததா என்பது. இல்லை. இரும்பு குறைந்ததால் எனக்கு வெண்புள்ளி வரவில்லை, ஏறியதால் அது போகவும் இல்லை. மொத்தமாக இருந்த அந்தச் சுண்ணாம்பு வெளுப்பு போனது. போனதும் சுற்றிலும் தோல் கறுத்து, புள்ளிகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன். புள்ளிக்குத் தனியாகக் களிம்பும், வாரம் இரண்டு நாள் ஒளி சிகிச்சையும் எட்டு மாதம் எடுத்தேன். நெற்றியில் முக்கால்வாசி நிறம் திரும்பியது, கடுகு தூவியது போலப் புள்ளி புள்ளியாக வந்து சேர்ந்தது. விரல்நுனியில் ஒன்றும் வரவில்லை. ரோமக்கால்களில் மிஞ்சியிருக்கிற செல்களிலிருந்துதான் நிறம் திரும்ப வேண்டும், விரல்நுனியில் ரோமமே இல்லையே. ஸ்டிக்கர் பொட்டை விட்டுக் குங்குமத்துக்கு வந்துவிட்டேன், பாவாடை நாடாவுக்குப் பதில் அகல எலாஸ்டிக்.

சாப்பாட்டுக்கு வந்தால், ரத்தம் ஊற பீட்ரூட்டும் மாதுளையும் வாங்கித் தந்தவர்கள் ஏராளம். சிவப்பாக இருப்பதால் அந்த நம்பிக்கை. இரும்பு அதில் சொற்பம். கறிக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் கிடைக்கிற சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், அதற்குப் பதில் எவ்வளவோ மேல். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, மிளகு உப்பு தடவி, இரண்டு பக்கமும் நன்றாக வேகும்வரை வாட்ட வேண்டும். அத்தையே வாட்டித் தருகிறார். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முருங்கைக்கீரை, தட்டைப்பயறு எதுவானாலும் மேலே எலுமிச்சை பிழிந்து. என் மாதிரி இரைப்பை போனவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அயிரை மீன் குழம்பு, நல்ல புளிப்பாக. அத்தைதான் வைத்தார். பத்தியம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவர் ஒன்றை மட்டும் விடவில்லை. மீன் வைக்கிற அன்று பால் செம்பை நான் உட்காருகிற பக்கம் வைக்கவே மாட்டார், கூடத்துக்குக் கொண்டுபோய் மூடி வைத்துவிட்டு வந்துதான் எனக்குச் சோறு போடுவார். சரி, அதை நானும் விட்டுவிட்டேன்.